ஐந்து விழுக்காடு யாருக்கும் கட்டும் கப்பம் அல்ல

“நேட்டோ நாடுகள் இனி ஆண்டுதோறும் 5 விழுக்காட்டை அமெரிக்காவுக்குக் கட்ட வேண்டும், அதற்காகப் புதுச்சேரி சொல்தாக்களின் பென்ஷனில் பிரான்ஸ் கை வைக்கப்போகிறது” என்றொரு குரல்பதிவு இங்குள்ள வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. (சொல்தாக்கள் என்றால் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள்.) அந்தப் பதிவு சொல்வது தவறு.

2025 ஜூன் 25 அன்று தி ஹேக் நகரில் நடந்த நேட்டோ (அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகள் பலவும் சேர்ந்த ராணுவக் கூட்டணி) மாநாட்டில் வெளியான அறிக்கை கூறுவது, உறுப்பு நாடுகள் 2035-க்குள் தத்தம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டைத் தத்தம் பாதுகாப்புக்கென்று செலவிட வேண்டும் என்பதே. இதில் 3.5 விழுக்காடு படை, தளவாடம் போன்ற நேரடிச் செலவு; எஞ்சிய 1.5 வரை முக்கியக் கட்டமைப்பு, இணையப் பாதுகாப்பு, ஆயுதத் தொழில் வளர்ச்சி ஆகியவற்றுக்கானது. பணம் அந்தந்த அரசின் கையிலேயே இருக்கும். நேட்டோவுக்குப் பொது நிதி ஒன்று உண்டுதான். ஆனால் அது தனிக் கணக்கு, அதற்கு அமெரிக்காவும் பங்கு செலுத்துகிறது.

பென்ஷன் பற்றிய பகுதிதான் வேடிக்கை. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு அரசு தரும் ஓய்வூதியத்தையும் பாதுகாப்புச் செலவாகவே நேட்டோவின் வரையறை கணக்கிடுகிறது என்பதால், அதைக் குறைத்தால் பிரான்ஸ் இலக்கிலிருந்து விலகியே போகும். ஹேக் அறிக்கையில் ஓய்வூதியக் குறைப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அமெரிக்காவைச் சார்ந்திருப்பதைக் குறைக்கவே ஐரோப்பா முயல்கிறது என்பதற்கு, ஐரோப்பிய ஒன்றியம் 2025 மே மாதம் ஏற்ற 15,000 கோடி யூரோ கடன் திட்டமே சான்று: அதில் வாங்கும் தளவாடங்களில் ஒன்றியம், அதனுடன் இணைந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகள், உக்ரைன் ஆகியவற்றுக்கு வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களின் மதிப்பு பொதுவாக 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.