நிறம் எதுவானால் என்ன, அந்தக் கம்பி மூடியைத் திருப்பிப் போடுங்கள்

மூன்றாவது முறையாகக் கருத்து கேட்கிறார்கள். நகரத்தைச் சைக்கிளுக்கு ஏற்றதாக மாற்றப் போகிறார்களாம், யோசனை சொல்ல வேண்டுமாம். படிவத்தில் முதல் கேள்வி: உங்களுக்குச் சைக்கிள் ஓட்டப் பிடிக்குமா? பிடித்துத்தானே ஐயா இத்தனை வருடமாகப் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வருகிறேன்! இரண்டாவது கேள்வி: அடுத்த கட்ட சைக்கிள் தடங்களுக்கு எந்த நிறம் பொருத்தமாக இருக்கும்? பச்சை, நீலம், சிவப்பு.

முதல் முறை கேட்டபோது நான் நிஜமாகவே நம்பினேன். உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வேலைக்குப் போகும் வழியில், ஒரு சிக்னலுக்குச் சற்று முன்னால், சாலை ஓரத்தில் மழைநீர் வடிகாலுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருக்கிறார்கள். கம்பிகள் குறுக்கே இல்லை, வண்டி போகிற திசையிலேயே நீளவாக்கில் ஓடுகின்றன. கார் டயருக்கு அது ஒன்றுமே இல்லை. சைக்கிள் டயர் அந்த இடுக்கில் இறங்கினால் முன்சக்கரம் அங்கேயே நின்றுவிடும், ஓட்டுகிறவர் மட்டும் தொடர்ந்து போவார். நான் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அது சதுர மூடி. தூக்கித் திருப்பிப் போட்டால் கம்பிகள் குறுக்கே வந்துவிடும், வேலை முடிந்தது. இதையெல்லாம் தெருப் பெயரோடு, படம் வரைந்து எழுதிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அறிக்கை வந்தது. வழவழ தாள், வட்ட வடிவில் ஒரு வண்ண வரைபடம். என் ஒன்றரைப் பக்கம் அதில் "பாதுகாப்பு குறித்த கவலைகள்" என்ற துண்டுக்குள் கரைந்து போயிருந்தது. மூடியும் இல்லை, தெருவும் இல்லை. எங்கே எது உடைந்திருக்கிறது என்று சொன்னால், அதை "மக்களின் உணர்வு" ஆக்கிவிடுகிறார்கள். உணர்வை யாரும் பழுது பார்க்க வேண்டியதில்லை பாருங்கள்.

இரண்டாவது முறை நேரடிக் கூட்டம். வேலைநாள், காலை பதினொரு மணிக்கு. சைக்கிளில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் எல்லோரும் வேலையிலும் பள்ளியிலும் இருக்கிற நேரம். விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். போனால், சைக்கிளை நிறுத்த இடம் இல்லை! கார்களுக்கு மட்டும்தான் என்றார் காவலர். கடைசியில் கூட்ட அறிவிப்புப் பலகையை நட்டிருந்த கம்பத்திலேயே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே இரண்டே கூட்டம். ஹெல்மெட்டும் கியர் வண்டியுமாக எங்களைப் போல எப்படியும் ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம், கார் நிறுத்துகிற இடம் போய்விடுமே என்று கொதிக்கிறவர்கள் மறுபக்கம். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் சைக்கிள் திட்டங்களைக் கவனித்துவந்த ரோஜர் கெல்லர் 2006-ல் தன் நகரத்து மக்களை நான்காகப் பிரித்தார். எதற்கும் அஞ்சாமல் ஓட்டுகிறவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஓரளவு தைரியத்தோடு ஓட்டுகிறவர்கள் 7. எக்காரணம் கொண்டும் ஏறவே மாட்டோம் என்பவர்கள் 33. ஆசை இருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிறது என்பவர்கள் 60. அவர் தன் அனுபவத்தை வைத்துப் போட்ட மதிப்பீடுதான் அது. ஆனால் அந்த அறுபதுக்காகத்தானே சாலையையே மாற்ற வேண்டும்? அவர்களில் எத்தனை பேர் அந்த ஹாலுக்குள் இருந்தார்கள்? என்னைக் கேட்டு என்ன பயன், நான் தடம் போட்டாலும் ஓட்டுவேன், போடாவிட்டாலும் ஓட்டுவேன்.

அந்த அறுபதிலிருந்து ஒருவர் எப்படியோ வந்திருந்தார். ஒரு தாய். திரையில் காட்டிய வரைபடத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், எம் பையனுக்குப் பதினோரு வயசு. இந்தத் தடம் சந்திப்புக்கு முன்னாடியே நின்னுடுது. அதுக்கப்புறம் அவன் எங்க போவான்?" நல்ல கருத்து, குறித்துக்கொள்கிறோம் என்றார் அதிகாரி. கையில் பேனா இல்லை. வரைபடம் ஏற்கெனவே இறுதியாகிவிட்டது, ஓரத்தில் கையெழுத்துகள்கூட இருந்தன. அப்புறம் எதற்குக் கேட்கிறீர்கள்?

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற பெண்மணி 1969-லேயே இதை ஒரு ஏணியாக வரைந்து வைத்திருக்கிறார். மக்கள் பங்கேற்புக்கு எட்டுப் படிகள். கருத்துக் கேட்பது நான்காவது படி. கேட்டது நடக்கும் என்ற உறுதி இல்லாமல் அந்தப் படியோடு நின்றுவிட்டால் அது வெறும் ஒப்புக்குத்தான் என்பது அவர் வாதம். நம் ஊர்மொழியில் கண்துடைப்பு.

யாருமே சைக்கிள் ஓட்டுவதில்லையே, யாருக்காகச் செலவு செய்வது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார், கைதட்டல் வேறு. ஸ்பெயினின் செவில்லே நகரத்திலும் 2006 வாக்கில் ஓட்டுகிறவர்கள் அரிதுதான். இரண்டு மூன்று ஆண்டுக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தடம் போட்டார்கள், வண்டிகளிலிருந்து தடுப்பு வைத்துப் பிரித்து, நடுவில் அறுந்துபோகாமல். சைக்கிள் பயணங்கள் பல மடங்கு பெருகின. நெதர்லாந்தில் 1971-ல் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிச் சாலைகளை மறித்தார்கள். எந்த நிறம் பிடிக்கும் என்று அவர்களிடம் யாரும் படிவம் நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சரி, கூட்டம் முடிந்து எங்களுக்கு என்ன கிடைத்தது? பெயின்ட். நிறுத்தி வைத்த கார்களை ஒட்டி, ஒரு மீட்டர் சொச்சம் அகலத்தில் பச்சைப் பட்டை. கார்க் கதவைத் திறந்தால் அதுவும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெளியே வரும். அதாவது, யாராவது பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தால் எங்கே அடி விழுமோ, அந்த இடத்தை அளந்து பச்சை அடித்து, இங்கேதான் போக வேண்டும் என்று சைக்கிள் படமும் வரைந்திருக்கிறார்கள். நான் அதைவிட்டு விலகிப் பொதுச் சாலையில் போகிறேன். பின்னால் வருகிற கார்க்காரர், "உனக்குத்தான் தனிப் பாதை இருக்கே" என்று ஹாரன் அடிக்கிறார். முன்பு வெறும் ஆபத்து, இப்போது ஆபத்தோடு திட்டும் சேர்த்து.

அந்தச் சந்திப்புக்கு முன்னால் பட்டை நின்றுவிடுகிறது. அந்தத் தாய் சொன்ன அதே இடம்தான். அதற்குக் கொஞ்சம் முன்னால் என் கம்பி மூடி. திருப்பிப் போடவில்லை. ஆனால் வேலைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள், பார்க்காமல் இருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அதன் மேலும் பச்சை அடித்திருக்கிறார்கள். முன்பு கறுப்பாகவாவது கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது மூன்றாவது படிவம். கடைசியில் "இதர கருத்துகள், 100 எழுத்துகளுக்குள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. கம்பி மூடியைத் திருப்பிப் போடுங்கள் என்று அடித்தேன், தெருப் பெயரையும் சேர்த்தேன். அனுப்பப் போனால் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு: நிறத்தைத் தேர்வு செய்யாமல் படிவத்தைச் சமர்ப்பிக்க இயலாது.

நீலம் என்று போட்டேன்.