மூலிகைப் பொட்டலத்தில் எத்தனை கிராம்?

சித்திரை பிறந்தால் போதும், வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்கு மூலிகைத் தீவனச் சேர்மானம் விற்பவர்கள் வரிசைகட்டி வந்துவிடுகிறார்கள். "அண்ணா, முழுக்க இயற்கை. கோழி வெயிலைத் தாங்கும், முட்டை குறையாது" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். மூலிகைக்கு நான் எதிரி இல்லை. என் பண்ணைத் தீவனத்திலும் மஞ்சள் சேர்கிறது. என் கோபமெல்லாம் அளவு சொல்லாத பொட்டலத்தின் மேல்தான்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் வாயைப் பிளந்து, இறக்கையை அகட்டி, இரைத்து இரைத்துத்தான் அது சூட்டை இறக்க வேண்டும். இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட்டும் கூடவே குறைகிறது. ட்ரேயில் அடுக்கும்போது விரல் பட்டாலே நொறுங்கும் முட்டைகள் மே மாதத்தில் கூடுவது இதனால்தான். கண்ணுக்குத் தெரியாத சேதம் ஈரலில். மஞ்சள் கருவுக்கான கொழுப்பு அங்கேதான் தயாராகிறது. வெயிலில் செல்களுக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, எதையும் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகள் பெருகி அந்தக் கொழுப்பைக் கெடுக்கின்றன. அவற்றைத் தடுக்கும் குளூட்டதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதிக்குச் செலினியம் வேண்டும். அதனோடு வைட்டமின் ஈயும் வேண்டும். மூலிகைக்கு இடம் இவற்றுக்குப் பிறகுதான்.

அந்த இடம் உண்மையானது. வெயிலில் வாடும் முட்டைக்கோழிகளுக்குக் மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் கொடுத்த ஆய்வுகளில் தற்காப்பு நொதிகள் உயர்ந்ததும், கொழுப்புச் சிதைவின் அடையாளமான மாலோன்டைஆல்டிஹைடு குறைந்ததும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் அங்கே கொடுத்தது கிலோ தீவனத்துக்கு 100 முதல் 200 மில்லிகிராம். அதாவது டன்னுக்கு 100 முதல் 200 கிராம் குர்குமின்.

இப்போது பொட்டலத்துக்கு வருவோம். "10 மூலிகைகள் அடங்கியது, டன்னுக்கு 500 கிராம்" என்று அச்சிட்டிருக்கிறது. கீழாநெல்லி, துளசி, நெல்லி, மஞ்சள் என்று பட்டியல் நீள்கிறது. எது எவ்வளவு என்று ஓர் இடத்திலும் இல்லை. எல்லாம் சமபங்கு என்றே வைத்துக்கொள்வோம். மஞ்சள் 50 கிராம். நல்ல மஞ்சளில் 3 சதவீதம் குர்குமின் என்றாலும் டன்னுக்கு ஒன்றரை கிராம்தான் தேறும். 100 கிராம் எங்கே, ஒன்றரை கிராம் எங்கே! நாளுக்கு 110 கிராம் தீவனம் எடுக்கும் கோழியின் வயிற்றுக்கு அதில் ஒரு மில்லிகிராம்கூடப் போய்ச் சேராது. மஞ்சளை மட்டும் நம்பினால் டன்னுக்கு மூன்று, நான்கு கிலோ தூள் சேர்க்க வேண்டும். அதற்கு வண்ணப் பொட்டலம் எதற்கு?

"போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், முட்டை ஏறியது" என்பார்கள். ஏறியிருக்கும். கோடை மழை இரண்டு பெய்து ஷெட் குளிர்ந்தாலே கோழி தீவனம் எடுக்கும், முட்டையும் ஏறும். அந்தப் புகழ் அந்த வாரம் வாங்கிய பொட்டலத்துக்குப் போய்விடுகிறது. ஒருவர் ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மேயும் கோழிகளின் படத்தைக் காட்டி வியாபாரம் பேசினார். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் புழு பூச்சி கொத்தித் திரியும் கோழிக்கும், தகரக் கூரைக்குக் கீழே கூண்டில் நிற்கும் முட்டைக்கோழிக்கும் என்ன ஒப்பீடு? மஞ்சள் கரு நன்றாகச் சிவந்திருப்பதையும் ஆரோக்கியத்தின் சான்றாகக் காட்டினார். மக்காச்சோளமோ முருங்கைக்கீரையோ கூடினாலே கரு சிவக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. பொட்டலத்துக்கு யோசிக்காமல் பணம் எடுப்பவர்கள், மழையில் நனைந்த மக்காச்சோளத்தை விலை மலிவு என்று இறக்குகிறார்கள். பூஞ்சணம் பிடித்த சோளத்தின் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு நேரே ஈரலைத்தான் தாக்கும். அரைத்த தீவனத்தை வாரக்கணக்கில் வெக்கையில் போட்டுவைத்தால் கொழுப்பு சிக்குப்பிடித்து, கலந்திருக்கும் வைட்டமின் ஈயையும் தின்றுவிடும். மூட்டைக்குள் கைவிட்டு முகர்ந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகம் இருக்கிறது. தண்ணீர்க் குழாய் உச்சிவெயிலில் கொதிக்கும்போது எந்த மூலிகையும் கோழியைத் தண்ணீர் குடிக்க வைக்காது. கூரைக்கு வெள்ளை அடித்து, தீவனத்தை விடியலிலும் மாலையிலும் போடுவது முதல் வைத்தியம்.

மஞ்சளிலும் ஒரு கவனம் வேண்டும். நிறம் தூக்கலாகத் தெரிய ஈயக் குரோமேட் கலக்கும் திருட்டுத்தனம் மஞ்சள் வியாபாரத்தில் உண்டு. ஈயம் கோழியின் எலும்பில் தங்கும், மஞ்சள் கரு வழியே முட்டை தின்னும் பிள்ளைக்கும் போகும். மலிவுத் தூளைத் தொடாமல், சேலம் லீ பஜாரில் மெருகேற்றாத விரலி மஞ்சளாகவே வாங்கி நம் கண்முன் அரைத்துக்கொள்வதே உத்தமம்.

டன்னுக்கு எத்தனை கிராம் மருந்துச் சத்து என்று அச்சிட்டுக்கொண்டு வரும் விற்பனையாளருக்கு என் ஷெட்டில் ஒரு வரிசையை ஒதுக்கித் தருகிறேன். பக்கத்து வரிசைக்கு வழக்கமான தீவனம். அதே வயது, அதே கூரை, அதே தண்ணீர். சித்திரை முதல் வைகாசி முடிய இரண்டு வரிசை முட்டையையும் உடைசலையும் அவரே எண்ணிக்கொள்ளட்டும்.