லண்டன் மாப்பிள்ளையும் ஸ்டுட்கார்ட் மாமியாரும்

மாமியார்: கராஜுக்குள் சத்தம் போடாமல் போங்கள் மாப்பிள்ளை. உள்ளே நம் ஓல்ட்டைமர் இருக்கிறார்.

மாப்பிள்ளை: கராஜிலா? யார், தாத்தாவா?

மாமியார்: தாத்தா போய்ச் சேர்ந்து வெகுகாலம். இவர் அவர் நம் தலையில் கட்டிவிட்டுப் போனவர்.

மாப்பிள்ளை: குளிராதா அத்தை?

மாமியார்: போர்வை போர்த்தியிருக்கிறது. குளிர்காலம் முழுக்க அசைய மாட்டார். ஏப்ரலில் எண்ணெய் மாற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கூட்டிப் போவோம்.

மாப்பிள்ளை: எண்ணெய் மாற்றியா?

மாமியார்: பழையது கறுத்துவிடும் அல்லவா? காலையில் கொஞ்சம் இருமுவார், புகை விடுவார். 2 வருடத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு.

மாப்பிள்ளை: டாக்டரிடமா?

மாமியார்: இன்ஜினியரிடம். தூக்கி நிறுத்தி, அடியில் நின்று, துரு பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்.

மாப்பிள்ளை: அத்தை, இது போலீஸுக்குத் தெரியுமா?

மாமியார்: தெரியாமலா? 30 வயது தாண்டியவர் என்று நம்பர் பிளேட்டில் ‘எச்’ போட்டுக் கொடுத்ததே அரசாங்கம்தான். எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் வருட வரி 191 யூரோ 73 சென்ட்.

மாப்பிள்ளை: காரா!

மாமியார்: பின்னே? 1982 மெர்சிடிஸ், 240 டீசல்.

மாப்பிள்ளை: அது தப்பு அத்தை. இங்கிலீஷில் ஓல்ட்டைமர் என்றால் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். பழைய காருக்கு கிளாசிக் கார், விண்டேஜ் கார் என்றுதான் சொல்லவேண்டும். ‘ஓல்ட்’ எங்களுடையது, ‘டைமர்’ எங்களுடையது...

மாமியார்: கார் எங்களுடையது.

மாப்பிள்ளை: அதற்காக இருமுவார், அசையமாட்டார் என்றெல்லாமா சொல்வது?

மாமியார்: ஜெர்மன் மொழியில் ஓல்ட்டைமர் ஆண்பால். எங்கள் இலக்கணத்தில் சிறுமியே அஃறிணை, இதற்குப் போய் அதிசயப்படுகிறீர்கள்.

மாப்பிள்ளை: செல்போன் ‘ஹேண்டி’யாம், விருந்துக்குப் போடும் கோட் ‘ஸ்மோக்கிங்’காம். கடன் வாங்கினால் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டாமா?

மாமியார்: நீங்கள் மட்டும்? ‘பிளிட்ஸ்’ என்றால் எங்களுக்கு வெறும் மின்னல். அதை 1940-ல் லண்டனில் குண்டு விழுந்தபோது நீங்கள் எதற்குப் பெயராக... சரி, அது வேண்டாம்.

மாப்பிள்ளை: வேண்டாம் அத்தை.

மாமியார்: காபி?

மாப்பிள்ளை: கொடுங்கள். வாசலில் நிற்பது யாருடைய கார்?

மாமியார்: என்னுடையது. அதற்கு இன்னும் 30 ஆகவில்லை. யங்டைமர்.

மாப்பிள்ளை: அப்படி ஒரு சொல் இங்கிலீஷில் இருந்ததே இல்லையே!

மாமியார்: தெரியும். அதனால்தான் நாங்களே செய்துகொண்டோம். வேண்டுமானால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கமாட்டோம்.