நாற்பது வினாடி காது வைத்துவிட்டு எங்களைப் பொய்யர் என்று சொல்லாதீர்கள்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிற சத்தம் உண்டா என்று தேடி வந்த ஒரு தம்பியின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஏழு பேர் எனக்கே அனுப்பியிருந்தீர்கள். அதில் இரண்டு பேர் சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தீர்கள். எதுவும் எழுதக்கூடாது என்று மூன்று நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

காணொளியின் நீளம் பதினொரு நிமிடம். அதில் அந்தத் தம்பி தோணித் துடுப்பான சவளைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காது வைத்திருந்தது நாற்பது வினாடி. நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை கணக்கெடுத்தேன். மீதி நேரமெல்லாம் சாப்பாடு, விடுதி அறை, மேலேயிருந்து எடுத்த படம். கடைசியில் தீர்ப்பு: "மட்டக்களப்பில் பாடும் மீனும் இல்லை, கடற்கன்னியும் இல்லை, எல்லாம் கிழவிகள் கட்டிவிட்ட கதை."

அந்தக் கிழவிகளில் ஒருத்தி என் பெத்தா, என் பாட்டி. அதனால்தான் இந்தப் பதிவு.

ஏழாவது நிமிடத்தைத் திரும்பப் போய்ப் பாருங்கள். தோணிக்காரர் மாமா ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். கையை மேலே காட்டுகிறார், பிறகு வாவியைக் காட்டுகிறார். அந்த இடத்தில் பின்னணி இசையைக் கூட்டிவிட்டார்கள். மஞ்சள் எழுத்தில் "மாமா சமாளிக்கிறார்" என்று போட்டிருக்கிறார்கள். ஒரு சத்தம் உண்டா இல்லையா என்று தேடி வந்தவர்கள், பக்கத்தில் இருந்த மனிதனின் குரலைக் கேட்கவிடாமல் செய்திருக்கிறார்கள்.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இங்கே எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். இது மார்கழி. வடகீழ்ப் பருவ மழை. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வெள்ளமெல்லாம் இறங்கி வாவி நிரம்பி, அது கடலோடு சேர முகத்துவாரம் வெட்டுகிற காலம். இந்தத் தண்ணீரில் அந்தச் சத்தம் கேளாது. சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும், மழை இல்லாத நாளில், காற்று விழுந்த இரவில், பறுவ நிலவை (பூரணையை) ஒட்டி வந்தால்தான் கேட்கும். இது இரகசியமில்லை. 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்காரர், பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர், இதையேதான் எழுதி வைத்திருக்கிறார். வரட்சிக் காலத்தில்தான் கேட்கும், மழை வெள்ளம் வந்தால் நின்றுவிடும் என்று. அவருக்கு அதைச் சொன்னவர்கள் எங்கள் மீனவர்கள். அவர் வாயை மூடிக் கேட்டார், எழுதினார். நூற்றெழுபது வருடம் கழித்து வந்த தம்பிக்கு அதையே சொல்லப் போனால் பாட்டைப் போட்டு அமுக்குகிறார்.

டெனன்ட் கோட்டை வாசல் துறையிலிருந்து இருநூறு யார் தள்ளித் தோணியை நிறுத்தச் சொன்னார். காற்றில்லை, அலையில்லை. நிலவு எழும்பியிருந்தது. ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருகிற அதிர்வு போல இருந்தது என்கிறார். ஒற்றை ஓசை இல்லையாம், சின்னச் சின்னதாய் எத்தனையோ ஓசைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்ததாம். தோணிப் பலகையில் காதை வைத்தபோது இன்னும் பெரிதாகக் கேட்டதாம். மீனவர்கள் அவரிடம் எடுத்துக் காட்டியது மீனை அல்ல, ஊரி என்கிற ஓட்டுப் பிராணியை. அழுகிற ஊரி என்று அர்த்தம் வருகிற ஒரு பெயரையும் சொல்லியிருக்கிறார்கள். அதாவது, இது மீன்தானா என்ற கேள்வி எங்கள் ஆட்களிடம் அப்போதே இருந்திருக்கிறது. சொன்னதையெல்லாம் கண்ணை மூடி நம்புகிற கூட்டம் இல்லை இது.

1950களில் லாங் அடிகளார் என்ற இயேசு சபைத் துறவி வாவிக்குள் ஒலிவாங்கியை இறக்கி இந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. காதுக்குப் பிரமை வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒலிவாங்கிக்குமா வரும்?

சவளை ஏன் வைக்கிறோம் என்றும் சிரிக்கிறார்கள். தண்ணீருக்குள் எழும் சத்தம் மேற்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும், காற்றுக்கு வருவது மிகவும் கொஞ்சம். மரத்தை நீருக்குள் விட்டு அதன் தலையில் காதை வைத்தால் அந்த அதிர்வு மரம் வழியாக நேராகக் காதுக்கு வரும். என் பெத்தப்பாவுக்கு (தாத்தாவுக்கு) இதன் பௌதிகம் தெரியாது. செய்யத் தெரியும்.

சரி, இனி கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

"சத்தம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம், கடற்கன்னி எங்கிருந்து வந்தாள்? அது மூடநம்பிக்கைதானே?" இதைக் கேட்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். நிலவு நேரம், தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பாடுவது போல ஒன்று வருகிறது. கேட்டவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அதை எப்படித் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போவது? ஒரு முகம் வைத்துத்தான் கொடுக்க முடியும். என் பெத்தா எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணிக்குள்ள பொம்பிளப் புள்ளையள் இருக்குதுகள். கூச்சக்காரியள். நீ சத்தம் போட்டா வாயை மூடிருவாளுகள்." தோணியில் ஏறும்போது நாங்கள் மூன்று பிள்ளைகளும் அதனால்தான் பேசாமல் இருந்தோம். பேசாமல் இருந்ததால்தான் கேட்டது. அந்தக் கதை செய்த வேலை அது. இதில் என்ன மூடத்தனம் இருக்கிறது?

எனக்கு அப்போது ஒன்பது வயது. புளியந்தீவுக்கும் கல்லடிக்கும் நடுவில், பழைய பாலத்துக்குக் கொஞ்சம் தெற்கே. பெத்தப்பா சவளை இறக்கி, தன் கையால் என் தலையைச் சரித்து வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. என் மூச்சுச் சத்தம்தான். கழுத்து நொந்தது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது, நாற்பது வினாடியை விட நிச்சயம் கூட. அப்புறம் தவளைக்கும் தம்புராவுக்கும் நடுவில் ஒன்று. நின்று நின்று வந்தது. நான் நிமிர்ந்து பெத்தப்பாவைப் பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"கடற்கன்னி என்பது உண்மையில் கடற்பசு, மாலுமிகள் தூரத்தில் பார்த்துப் பெண் என்று நினைத்துவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், நாற்பது லைக்கோடு. அண்ணை, கடற்பசு மன்னார்ப் பக்கம் கடற்புல் மேய்கிற சீவன். எங்கள் வாவிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? எங்கள் மீன்மகளை யாரும் தூரத்திலிருந்து பார்க்கவில்லை. கேட்டார்கள். இங்கே இது கண்ணால் வந்த கதை இல்லை, காதால் வந்த கதை. மீன் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்பவர் ஒரு கீச்சான் மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றிப் பார்க்கட்டும். அதற்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று விளங்கும்.

"உணர்ச்சிவசப்படாதீர்கள், விஞ்ஞானமாகப் பேசுங்கள்" என்பவர்களுக்கு: விபுலாநந்த அடிகளுக்குத் தெரியாத விஞ்ஞானமா? காரைதீவில் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். பழந்தமிழ் இசையின் கணக்கையெல்லாம் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர். அவர்தான் இந்த வாவியின் இசையை நீரரமகளிரின், அதாவது நீரில் வாழும் தெய்வப் பெண்களின், பாட்டாகக் கேட்டு எழுதியவர். கணக்கும் நீரரமகளிரும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் இருந்திருக்கிறார்கள். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில், அவர் தொடங்கிய சிவானந்தா வித்தியாலயத்தில் இருக்கிறது. காணொளி எடுத்த இடத்திலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. அங்கே போகவில்லை. நண்டுக் கறிக்கு மூன்று நிமிடம் இருந்தது.

கோபன்ஹேகன் துறைமுகத்தில் 1913இலிருந்து ஒரு வெண்கல மீன்மகள் கல்லின் மேல் இருக்கிறாள். உலகமே போய்ப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறது. அங்கே போய் "இவள் உண்மையா, நிரூபி" என்று எவரும் தோணிக்காரரை மடக்குவதில்லை. அது அவர்களுக்குப் பண்பாடு. எங்களுக்கு மட்டும் அது கிழவிக் கதை.

"ஒரு வேடிக்கைக் காணொளிக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கு அந்த மேலேயிருந்து எடுத்த படம்தான் தாங்கவில்லை. நாவலடி மணலைக் காட்டுகிறார்கள். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், நடுவில் அந்த ஒடுக்கமான நிலம். அதன் மேல் அந்தத் தம்பியின் குரல்: "கடற்கன்னி கோவிச்சுக்கிட்டு வந்திடப் போறா." மார்கழி மாதத்தில், நாவலடியின் மேல்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் அந்த நிலத்தைத் தாண்டித்தான் வந்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சரிந்து நின்றதை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். பெத்தப்பாவின் தம்பியும் மாமியும் இரண்டு மச்சாள்மாரும் நாவலடியில்தான் இருந்தார்கள். ஒரு மச்சாளை மட்டும் கண்டுபிடித்தோம்.

அதற்கு முன்னால் யுத்த காலத்தில் எத்தனையோ வருடம் இரவில் வாவிக்குள் இறங்க முடியாது. 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகுதான் பெத்தப்பா மறுபடி ஒரு பறுவத்துக்கு எங்களைத் தோணியில் ஏற்றினார். நாவலடி மச்சாள்மாரும் வந்திருந்தார்கள். அன்று ஒழுங்காகக் கேட்டது. சின்ன மச்சாள் சவளை விடமாட்டேன் என்று நின்றாள். சுனாமிக்குப் பிறகு பெத்தப்பா மீன் பிடிக்கப் போனார், வீச்சு வலை போட்டார், எல்லாம் செய்தார். சவளில் காது வைத்து நான் காணவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்தத் தம்பிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லைதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் இருந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது நல்ல காலத்தில் வந்தாலும் முன்னைப்போல் கேட்பதில்லை. நானே இரண்டு வருடமாக முயன்றும் ஒரு தடவைதான் கேட்டேன், அதுவும் தெளிவில்லை. இயந்திரப் படகுச் சத்தம். 2013இல் திறந்த புதுப்பாலத்தில் ஓயாத வாகனங்கள். கரையோரம் கண்டல் மரங்களை வெட்டி மண் போட்ட இடங்கள். வாய்க்கால்களெல்லாம் வாவிக்குள்தான் விடுகின்றன. சுமார் 56 கிலோமீட்டர் நீளமான வாவி, அதை எத்தனை பக்கத்தால் நெருக்குகிறோம். "மீன்பாடும் தேன்நாடு" என்று வரவேற்புப் பலகையும் வைத்துக்கொண்டு, பாடுகிற தண்ணீருக்குள் குப்பைப் பை எறிகிறோம். இதில் எனக்கு எங்கள் ஊர் ஆட்கள் மீதும் கோபம்தான். யாராவது இதைக் காணொளி எடுத்திருந்தால் நானே எல்லோருக்கும் அனுப்பியிருப்பேன். பாட்டு குறைந்ததற்குக் காரணம் கேட்க வந்தவர் என்றால் வாசலில் நின்று வரவேற்றிருப்பேன். வந்தவர் பாட்டே பொய் என்றார். அவருக்குக் கேட்கவில்லை என்பதும் அது இல்லை என்பதும் ஒன்றா?

நேற்றுப் பின்னேரம் அந்தத் தோணிக்காரர் மாமாவைப் போய்ப் பார்த்தேன். மழை விட்டிருந்தது, தோணிக்குள் நின்ற தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். காணொளியை அவர் பார்க்கவில்லை. பேரன் பார்த்துவிட்டுக் காட்டமாட்டேன் என்றுவிட்டானாம்.

"மகள், மழைத்தண்ணி வந்திட்டு, இப்ப கேளாது, சித்திரையில வாங்க எண்டு அந்தத் தம்பிக்கு ரெண்டு தரம் சொன்னனான்" என்றார். "அது அதில வந்ததா?"

இல்லை என்றேன்.

வாளியை ஒருதரம் பார்த்தார். பிறகு இறைக்கத் தொடங்கினார்.