போர்ட் எண்ணை மாற்றுவது பூட்டு ஆகாது

“ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை மாற்றிவிட்டால் யாரும் நுழைய முடியாது, விபிஎன் வீண் செலவு” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. ரிமோட் டெஸ்க்டாப் (சுருக்கமாக ஆர்டிபி) என்பது விண்டோஸ் கணினியை வேறிடத்திலிருந்து இயக்கும் வசதி. போர்ட் என்பது கணினிக்குள் இணைப்பு வரும் எண்ணிட்ட வாசல். விபிஎன் என்பது அனுமதி பெற்றவர்கள் மட்டும் உள்ளே வரும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை.

மொத்தமே 65,535 போர்ட்டுகள்தான். ஸ்கேன் செய்யும் நிரல்கள் அத்தனையையும் தட்டிப் பார்த்து, வரும் பதிலை வைத்தே ஆர்டிபியைக் கண்டுபிடித்துவிடும். எண்ணை மாற்றினால் தொல்லை கொஞ்சம் குறையும், சரி. ஆனால் 2019-இல் தெரியவந்த, புளூகீப் என்ற ஆர்டிபி பாதுகாப்பு ஓட்டை வழியே நுழைய பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. அதை அடைத்தது மைக்ரோசாஃப்ட் தந்த அப்டேட், போர்ட் எண் அல்ல.

நீங்களே பாருங்கள்: இணையத்துக்குத் திறந்திருக்கும் விண்டோஸ் சர்வரில் ஈவென்ட் வியூவரை (நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் நிரல்) திறந்து, செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற நிகழ்வு எண்ணை வைத்து வடிகட்டுங்கள். தோற்றுப்போன லாகின் முயற்சிகள் நேரத்தோடு தெரியும்.

ஆர்டிபியை விபிஎன் அல்லது ஆர்டி கேட்வேக்குப் (ஆர்டிபி இணைப்புகளைச் சரிபார்த்து உள்ளே விடும் இடைச் சர்வர்) பின்னால் வையுங்கள், இரட்டைச் சரிபார்ப்பும் (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பது) போடுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.