மூன்று இட்லியும் ஒரு சென்சாரும்

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வாழைப்பழத்தை விட்டுவிட்டார். சுகர் கிடையாது, நாற்பது வயதுகூட ஆகவில்லை, தினமும் ஓடுகிறவர். சுகரை விடாமல் அளந்து போனுக்கு அனுப்புமே, கையில் ஒட்டியிருந்த அந்த சென்சார் ஒரு பழத்துக்கு 160 காட்டிவிட்டது, அவ்வளவுதான். கிராஃபை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "ஸ்லோ பாய்சன்" என்று போட, பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. நானும் போன மாதம் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒன்றை ஒட்டிக்கொண்டு பதினாலு நாள் திரிந்தவன்தான். அப்பாவுக்கு இருபது வருஷமாகச் சுகர், அந்தப் பயம். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு போன் அலறுகிறது: 56. மனைவி பதறிப்போய் சர்க்கரை டப்பாவோடு வந்து நிற்கிறாள். அப்பாவின் குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தால் 92. சென்சார் இருந்த இடது கை மேலேயே ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். அந்த இடம் அழுந்தினால் அளவு பொய்யாக இறங்கும் என்பது மறுநாள் படித்துத்தான் தெரிந்தது.

அப்புறம் இட்லி. காலையில் மூன்று, கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. ஒரு மணி நேரம் கழித்து சென்சாரில் 166, விரலில் 138. நாலு நாள் கழித்து அதே மூன்று, அதே சட்னி, சென்சாரில் 131. எந்த இட்லியை நம்புவது? வீட்டு மீட்டரும் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. 100க்கு மேலே 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்று அதற்கான சர்வதேசத் தரமே இடம் கொடுக்கிறது.

விஷயம் என்னவென்றால், சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரில் உள்ள குளுக்கோஸைத்தான் அளக்கிறது, ரத்தத்திலிருந்து அது அங்கே வந்துசேரச் சில நிமிஷம் பிடிக்கும். கம்பெனிகள் சொல்லும் 8, 9 சதவீதப் பிழை என்பது சராசரி, அதுவும் பெரும்பாலும் சுகர் உள்ளவர்களிடம் பார்த்த கணக்கு. அப்பாவுக்கு 80க்கும் 300க்கும் நடுவில் ஏறி இறங்கும். 280ஐ 300 என்று காட்டினால் குடி முழுகிவிடாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால் போதும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அந்த நடுராத்திரி அலாரம் உயிரையே காப்பாற்றும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அநேகமாக எல்லாமே 70க்கும் 140க்கும் நடுவில் முடிந்துவிடுகிறது. அதில் பதினைந்து இருபது தப்பினால் நல்ல இட்லி கெட்ட இட்லியாகிவிடும்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமானவர்களை வைத்து இதைப் பார்த்து 2025இல் வெளியிட்டார்கள். விரல் ரத்தத்தைவிட சென்சார் சராசரியாக டெசிலிட்டருக்கு 16 மில்லிகிராம் கூடக் காட்டியிருக்கிறது, 140க்கு மேல் இருந்த நேரத்தையோ பல மடங்கு ஊதிக் காட்டியிருக்கிறது. பழ ஸ்மூதியின் கிளைசெமிக் இண்டெக்ஸ், அதாவது அது சுகரை எவ்வளவு ஏற்றும் என்பதற்கான எண், விரலில் 53, சென்சாரில் 69. எல்லோருக்கும் ஒரே அளவு கூடினாலாவது கழித்துக்கொள்ளலாம், ஆளுக்கு ஆள் மாறுகிறது. இன்னொன்று, 140ஐத் தாண்டினாலே வியாதி என்றும் இல்லை. 2019இல் வந்த அமெரிக்க ஆய்வில் சுகர் இல்லாத 153 பேரைப் பார்த்ததில், பொதுவாக நாளில் கொஞ்ச நேரம் 70-140க்கு வெளியே போய்வந்தார்கள்.

2024இல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டே இல்லாமல் சென்சார் விற்க அனுமதி கொடுத்தார்கள், இன்சுலின் போடாத, பதினெட்டு வயது நிரம்பியவர்கள் வாங்கலாம். இனி கிராஃப் போடுகிறவர்கள் குறையப்போவதில்லை.

என் எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, எவ்வளவு வரும் என்று ஆப்பே ஒரு கணக்குப் போட்டு 5.8 என்றது. 5.7 தொட்டாலே ப்ரீடயாபடீஸ், சுகருக்கு முந்தைய கட்டம், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. லேபில் ரத்தம் கொடுத்தேன்: 5.4. ஆப் போடும் கணக்கின் சூத்திரமும் பெரும்பாலும் சுகர் உள்ளவர்களை வைத்து உருவானதுதான். பயம் இருந்தால் லேபில் வெறும் வயிற்றுச் சுகர், எச்பிஏ1சி இரண்டு டெஸ்ட்டையும் எடுங்கள், சென்சார் விலையில் பாதிகூட ஆகாது.

இதையெல்லாம் குழுவிலும் எழுதினேன். வாழைப்பழக்காரர் பதில் போட்டிருக்கிறார்: "என்னோடது வேற பிராண்ட் சார்."