300-க்குப் பணம், 94-க்குப் பெட்டி

எட்டு மாதமாக, ஒரு மாதம் தவறாமல், 300 எம்பிபிஎஸ் வேக இன்டர்நெட் பிளானுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். அந்த 300 ஒரு நிமிஷம்கூட என் வீட்டுக்குள் வந்ததில்லை. வந்திருக்கவும் முடியாது! மாட்டும்போதே வர முடியாதபடிதான் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீடு. பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன், அதற்காகத்தான் ஃபைபரே போட்டோம். மாட்ட வந்தவர் வராந்தாவில் கரண்ட் மீட்டருக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மோடத்தையும் ரூட்டரையும் தொங்கவிட்டார். "உள்ளே ஹால்ல மாட்டுப்பா" என்று அம்மா சொன்னதற்கு "ஒயர் பத்தாதும்மா" என்கிறார், தோளில் முழு ரோல் கிடக்கிறது.

எங்களுடையது பழைய வீடு, பாதிக்குமேல் கருங்கல் சுவர். இந்த ஊரில் கல்லுக்கா பஞ்சம், தாத்தா காலத்தில் ஒன்றரை அடி கனத்துக்கு எழுப்பியது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நல்ல வேகம் கொடுக்கும், ஆனால் செங்கல் சுவரிலேயே பாதி தேய்ந்துவிடும், இந்தக் கல்லை எங்கே தாண்டுவது? போன் உடனே மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான் இருக்கின்றன, தெருவில் உள்ள எல்லா வீட்டு ரூட்டரும் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்கின்றன. ரூமில் உட்கார்ந்து மீட்டிங்கில் பேசினால் வேகம் 18, 20, சில நேரம் 9. என் குரல் பாதியில் அறுந்து போய், மறுபடி முதலிலிருந்து சொல்லி, அப்புறம் மேனேஜர் "உங்க பக்கம் நெட்டை சரி பண்ணுங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லி... எத்தனை தடவை!

புகார் கொடுத்தேன். வந்தவர் போனில் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, "வைஃபைன்னா இப்படித்தான் சார் இருக்கும், 500 பிளானுக்கு மாத்திக்கோங்க, சரியாயிடும்" என்றார். ஹாலுக்கு நகர்த்திக் கொடுங்கள் என்றால் அதற்குத் தனிக் காசாம்.

பிளானை மாற்றக் கிளம்பியே விட்டேன். அதற்கு முந்தின ராத்திரி என்னவோ தோன்றி, லேப்டாப்பை ரூட்டரில் கேபிள் போட்டுச் சொருகி வேகத்தைப் பார்த்தேன். 94. காலையில் பார்த்தேன், 94. நடுராத்திரி பார்த்தாலும் 94. லைனில் கோளாறு என்றால் எண் ஏறும், இறங்கும். அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் எங்கேயோ பூட்டு இருக்கிறது என்று அர்த்தம். ரூட்டரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ஏசி1200 என்று வைஃபை ரகம். அந்த 1200 என்பது 2.4-இன் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டி மேலே முழுசாக்கிப் போட்ட கணக்கு, அவ்வளவுதான். பின்னால் கேபிள் சொருகுகிற போர்ட் எல்லாமே 100 எம்பிபிஎஸ்! அதிலும் டேட்டாவைப் பாக்கெட் பாக்கெட்டாகக் கட்டி அனுப்புவதற்கான கழிவு போக 94, 95-தான் கைக்கு வரும். அப்படியானால் 500 பிளான் போட்டாலும் 94-தான். 1000 போட்டாலும் 94-தான். இது மாட்டுகிறவருக்குத் தெரியாதா? தெரியவில்லை என்றால் அவர் எதற்கு வருகிறார், தெரிந்தே 500-க்கு மாறச் சொன்னார் என்றால் அதற்கு என்ன பெயர்?

சரி, சொந்தக் காசில் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், போர்ட் இருக்கிற ரூட்டர் வாங்கினேன். மாட்டினால் மறுபடியும் 94. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் மோடத்துக்கும் ரூட்டருக்கும் நடுவே அவர்கள் முனை மாட்டிக் கொடுத்த ஒரு முழக் கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே நாலே கம்பி. எட்டுக் கம்பியும் சேர்ந்தால்தான் கிகாபிட் ஓடும், நாலு இருந்தால் 100-உடன் நின்றுவிடும். எட்டுக் கம்பி உள்ள கேட்6 கேபிளை மாற்றிச் சொருகினேன், 288. அந்தத் துண்டுக் கேபிளுக்காக எட்டு மாதம்!

ரூமுக்கு, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புகிறது, பாதி வேகம் அங்கேயே போய்விடும். ரூட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்தேன், அங்கிருந்து நிலைப்படி ஓரமாகக் கேபிள் இழுத்து ரூமில் ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வருகிற நெட்டை வைஃபையாகக் கொடுக்கிற பெட்டி, வைத்தேன். இப்போது ரூமில் போனிலேயே 240 வருகிறது. இத்தனையும் என் செலவு, என் இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

நீங்களும் இன்றைக்கே லேப்டாப்பைக் கேபிளில் சொருகி, நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு எவ்வளவு என்று பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டும். 100 என்று இருந்தாலோ, 1000 என்று காட்டியும் வேகம் 94-லேயே நின்றாலோ பிளானை மாற்றாதீர்கள், பெட்டியையும் கேபிளையும் மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

காவேரிப்பட்டணத்தில் சித்தி வீட்டுக்கும் அதே ஆட்கள்தான் மாட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் முன்னால், அதே பேச்சைக் கேட்டு 500-க்கு மாறியிருக்கிறார்கள். நேற்றுப் போய் லேப்டாப்பைச் சொருகினேன். 94. மூன்று மாதம் கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க நாளைக் காலையில் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு அவர்கள் ஆபீசுக்குப் போகிறேன், அந்த நாலு கம்பிக் கேபிளையும் கையில் எடுத்துக்கொண்டு.